உப்பளத்து வீட்டில் ஒரு விஸ்காம் கணக்கு

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் தனியார் கல்லூரிகளின் விளம்பரப் பதாகைகள் முளைத்துவிடுகின்றன. கேமராவைத் தோளில் தாங்கிய இளைஞனும், மைக்கைக் கையில் ஏந்திய இளம்பெண்ணும் அவற்றில் தவறாமல் சிரிக்கிறார்கள். மரக்காணத்து உப்பளங்களை நம்பி ஜீவனம் நடத்தும் குடும்பங்களுக்குள்ளும் அந்தச் சிரிப்பு புகுந்துவிட்டது. விஸ்காம் என்று சுருக்கி அழைக்கப்படும் காட்சித் தொடர்பியலுக்கோ, இதழியலுக்கோ, வெகுஜனத் தொடர்பியலுக்கோ லட்சக்கணக்கில் செலவழிக்கலாமா, செலவழித்தால் அது திரும்பி வருமா என்ற கேள்விக்கு அந்தக் குடும்பங்கள் இரண்டே வாரத்தில் விடை கண்டாக வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்புக்குப் பேர்போன ஊர் மரக்காணம். 3,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அதன் அளங்களில், தை பிறந்ததும் பாத்திகளைச் சீர்செய்து, உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலில் விளைந்த உப்பை வாரிக் கரையேற்றும் வேலை தொடங்கி, புரட்டாசி வரையில் நடக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டாலோ அளம் முழுவதும் தண்ணீருக்குள் போய், கூலி என்ற பேச்சுக்கே இடமில்லாத மூன்று நான்கு மாதங்கள் வந்துசேரும். அந்த மழைக்காலத்துக்கென்று மாநில அரசு வழங்கும் நிவாரணம் 5,000 ரூபாய்.

மாதச் சம்பளம் தவறாத நகரத்துக் குடும்பம் ஒன்று மூன்று லட்சம் ரூபாயைக் கல்விக் கட்டணமாகக் கட்டினால், அதன் சேமிப்பு குறைகிறது. வருஷத்தில் நான்கில் ஒரு பங்கு வருமானமே இல்லாத குடும்பம் அதே தொகையைக் கட்டினால், கழுத்திலும் காதிலும் இருந்தவை அடகுக் கடைக்குப் போகின்றன, குழுவில் எடுத்த கடன் வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கிறது. ஆகையால், பிள்ளைக்கு எதில் விருப்பமோ அதில் சேர்த்துவிடுங்கள் என்று மேடையில் சுலபமாகச் சொல்லப்படும் புத்திமதி இங்கே அப்படியே செல்லாது.

இந்தக் கரைக்கும் ஒரு வாய் வேண்டும்

உப்பு வாருகிறவன் பிள்ளைக்குக் கேமரா எதற்கு என்று கேட்கும் சாமர்த்தியசாலிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடர்பியல் கற்றவர்கள் மிக அவசியமாக இருக்கவேண்டிய பிராந்தியங்களுள் இது ஒன்று.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மழைக்கோட்டு அணிந்த நிருபர்கள் இந்தக் கடற்கரையில் வரிசையாக நின்று காற்றின் வேகத்தை வருணித்தார்கள். மறுநாளே திருவண்ணாமலையில் மலைச்சரிவு நேர்ந்து உயிர்கள் பலியானதும், கேமராக்கள் நியாயமாகவே அங்கே திரும்பின. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைக் குடித்தபோதும் இப்படித்தான் வந்தார்கள், இப்படித்தான் போனார்கள். புயலுக்கும் சாவுக்கும் வருகிற கேமரா, அளத்துக் குத்தகையின் நிபந்தனை என்ன, மூட்டை உப்புக்கு விலை நிர்ணயிப்பவர் யார், வெண்மையின் பளபளப்பில் நாளெல்லாம் உழைக்கும் கண்கள் என்ன ஆகின்றன, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளிக்கும் அதன் ஓரத்துக் குடிகளுக்கும் உள்ள உறவு எத்தகையது என்ற விஷயங்களுக்காக ஒரு நாளும் வருவதில்லை. வரவேண்டுமானால் அதைத் தாங்கி வருகிறவர் இந்த ஊர்க்காரராக இருக்கவேண்டும்.

தொடர்பு என்பதன் பிரயோஜனத்துக்கு, இதே கடலோரத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்து, அலையின் உயரம், காற்றின் திசை, மீன் விலை முதலியவற்றை மீனவக் குப்பங்களுக்கு ஒலிபெருக்கி வழியே தினந்தோறும் சொல்லிவந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுநாமிச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்க, அந்த மையத்து ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்ட மாத்திரத்தில் ஊரே கடற்கரையை விட்டு அகன்றது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் பிழைத்தார்கள்.

அந்த ஒலிபெருக்கி தினமும் உண்மையே பேசி வந்ததனால்தான், அன்றைக்கு அது சொன்னதை ஜனங்கள் தயங்காமல் நம்பினார்கள். தொடர்பியல் பட்டம் பெற்ற ஆள் எவரும் அந்தச் சங்கிலியில் இருந்ததாகத் தெரியவில்லை. இதைக் கொண்டு பட்டம் வீண் என்று நான் வாதிக்கப் போவதில்லை. ஆனால், பட்டத்தின் விலையைக் கேட்கும்போது அந்தக் காலைப்பொழுதும் நம் ஞாபகத்தில் இருப்பது நல்லது.

பட்டத்துக்கு என்ன விலை?

அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழோ பொருளாதாரமோ படிப்பதற்குப் பயிற்றுக் கட்டணம் கிடையாது. சில்லறைக் கட்டணங்களோடு காரியம் முடிந்துவிடும். விஸ்காம் அப்படிப்பட்டதல்ல. பெயர்பெற்ற உதவிபெறும் கல்லூரிகளிலும்கூட அது பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் நடத்தப்படுகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலோ வருஷத்துக்கு ஒரு லட்சம் என்று தொடங்கி இரண்டைத் தாண்டிப் போவதும் உண்டு. கட்டணத்தோடு நின்றாலும் பரவாயில்லை. சென்னையில் விடுதி, நல்ல கேமரா, படத்தொகுப்புக்குத் தாங்கும் மடிக்கணினி, இறுதியாண்டில் கைக்காசு போட்டு எடுக்கவேண்டிய குறும்படம் என்று விண்ணப்பப் படிவத்தில் அச்சிடப்படாத செலவுகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும்.

வங்கிக் கடனை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு லட்சம் வரையில் ஈடு கேட்காமல் கல்விக்கடன் தருவது வங்கிகளின் நடைமுறை. மூன்றாண்டுப் படிப்புக்கு அந்த நான்கு லட்சத்தையும், வருஷத்துக்கு ஒரு பங்காக, பத்து சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் தவணை கேட்கமாட்டார்கள். ஆனால் வட்டி உறங்குவதில்லை. அது மட்டும் 1,20,000 ரூபாய் ஏறி, தவணை தொடங்கும் நாளில் கடன் 5,20,000 ஆக நிற்கும். ஏழு வருஷத்தில் அடைப்பதென்றால் மாதந்தோறும் ஏறக்குறைய 8,600 ரூபாய் கட்டவேண்டும். ஆக, நான்கு லட்சம் வாங்கியவர் திருப்பிச் செலுத்துவது ஏழேகால் லட்சம்.

தொழில் தரும் கூலி

தமிழ்த் தொலைக்காட்சியிலோ, இணையச் செய்தித் தளத்திலோ, சிறிய விளம்பர நிறுவனத்திலோ புதிதாகச் சேரும் பட்டதாரியிடம் பேசப்படும் சம்பளம் பதினைந்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் நடுவே ஊசலாடுவதைத்தான் பெரும்பாலும் காண்கிறோம். அதில் 8,600 ரூபாயை வங்கி எடுத்துக்கொண்டால், சென்னையில் நான்கு பேரோடு பங்குபோட்ட அறைக்கும் சாப்பாட்டுக்கும் மிஞ்சியது போதாமல், மகனோ மகளோ மரக்காணத்துக்குப் பணம் அனுப்பவேண்டியதற்குப் பதிலாக, மரக்காணத்திலிருந்து சென்னைக்குப் பணம் போகும்படியான விபரீதம் நேரும்.

ஊரிலேயே இருந்துகொண்டு நிருபராகலாமே என்று நினைப்பவர்கள் தாலுகா நிருபர்களின் நிலையை விசாரித்துவிட்டு முடிவு செய்யவேண்டும். பல ஸ்தாபனங்களில் தாலுகா நிருபருக்கு மாதச் சம்பளம் என்பதே கிடையாது. செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்ற கணக்கும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உள்ளூர்ப் பிரமுகர்களிடம் விளம்பரம் வாங்கிக் கொடுத்தால் கழிவுத் தொகையும்தான் வரும்படி. எவரைப் பற்றி எழுதவேண்டுமோ அவரிடமே விளம்பரத்துக்குக் கைநீட்டவேண்டிய ஒருவரிடமிருந்து, உப்பளக் குத்தகையைப் பற்றிய உண்மையை எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 1955-இன் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தின் கீழ் அமைந்த மஜீதியா குழுவின் ஊதியப் பரிந்துரையை மத்திய அரசு 2011 நவம்பரில் அறிவிக்கை செய்து, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை ஊர்ஜிதம் செய்தது. அதன் பிறகு ஒப்பந்த நியமனம் என்ற குறுக்குவழியால் அதன் பலன் பலருக்கு எட்டாமலே போயிற்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அந்தப் பழைய சட்டத்தை உள்வாங்கிக்கொண்டு, மின்னணு ஊடகத்தாரையும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கின்றன. செய்திக்கு இவ்வளவு என்று கூலி பெறும் தாலுகா நிருபருக்கு இதனால் என்ன விளையும் என்பது அனுபவத்தில்தான் தெளியவேண்டும்.

பத்திரிகையும் தொலைக்காட்சியும் மட்டுமே இந்தப் படிப்பின் எல்லை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். மருத்துவமனைகளும் தொண்டு நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் தங்கள் செய்தியை எழுதித் தர ஆள் தேடுகின்றன. கல்யாண வீடியோ எடுப்பவர், கையில் தொழில் சுத்தம் இருந்தால், உதவி ஆசிரியரைவிட அதிகமாகவே சம்பாதிக்கிறார். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில், துணைத்தலைப்பு எழுதுவது, அறிக்கையை மொழிபெயர்ப்பது, சிறு படத்துண்டுகளைத் தொகுப்பது போன்ற, புதியவர்கள் வழக்கமாகக் கால் வைக்கும் முதற்படி வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு மளமளவென்று விழுங்கிக்கொண்டிருக்கிறது. மென்பொருளை இயக்கத் தெரியும் என்பதையே யோக்கியதையாக விற்கும் கல்லூரிக்கு, இது நல்ல காலம் அல்ல.

பட்டமில்லாத மேதைகளும் ஒரு நேர்மையான சந்தேகமும்

வைத்தியருக்கும் வக்கீலுக்கும் பட்டம் கட்டாயம். பத்திரிகையாளருக்கு அப்படி இல்லை. 2013-இல் இந்தியப் பத்திரிகை மன்றத் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, பத்திரிகையாளருக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி வேண்டும் என்ற யோசனையைக் கிளப்பி ஒரு குழுவையும் நியமித்துப் பார்த்தார், அது சட்டமாகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தல் தொடங்கியது 1947-இல். பாரதியார் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராக அமர்ந்ததோ 1904-இல். பள்ளிப் படிப்பைப் பாதியில் உதறிவிட்டு ஒத்துழையாமை இயக்கத்தில் குதித்த கல்கி, தமிழ்ப் பத்திரிகை நடைக்கே ஓர் இலக்கணம் வகுத்தார். நம் காலத்துக்கு வந்தால், கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி வழியாகத் திரையுலகுக்கு வந்த கார்த்திக் சுப்புராஜ், மதுரையில் பொறியியல் படித்தவர்.

இந்த வரிசையைக் காட்டிப் பட்டம் அநாவசியம் என்று தீர்ப்பளிப்பது சுலபம்; மேடைகளில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. பட்டமில்லாமல் உள்ளே நுழைந்தவர்களுக்கு, பெரும்பாலும், நுழைவதற்கு வேறொரு வாசல் திறந்திருந்தது: பத்திரிகை அலுவலகத்தில் தெரிந்தவர், நகரத்தில் தங்க ஓர் உறவினர் வீடு, இயக்கத் தொடர்பு, சம்பளமில்லாமல் இரண்டு வருஷம் தாக்குப்பிடிக்கக்கூடிய குடும்பம். இவற்றுள் ஒன்றும் வாய்க்காத உப்பளத் தொழிலாளியின் மகளுக்குக் கல்லூரிதான் அந்த வாசல். தன்னை ஒரு செய்தியறைக்குள் பயிற்சிக்கு அனுப்பும் கடிதத்தையும், பத்து வருஷம் கழித்தும் தொலைபேசியில் அழைக்கத்தக்க சகபாடிகளையும், தவறைத் திருத்திக்கொடுக்கும் ஆசிரியரையும்தான் அவள் அந்தக் கட்டணத்துக்கு வாங்குகிறாள். பாடத்திட்டம் அதற்கு அடுத்தபடிதான்.

ஆகவே, ஒரு கல்லூரியின் தகுதியை அதன் ஸ்டூடியோவின் கண்ணாடிச் சுவரைப் பார்த்து அளக்கக்கூடாது. அது தன் மாணவர்களை எந்த வாசலுக்கு அனுப்பியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். அனுப்பாத கல்லூரிக்கு நான்கு லட்சம் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் ஒரு கேமரா வாங்கிக்கொண்டு வீட்டிலிருப்பது லாபம்.

சில உத்தியோகங்களுக்குத் தொடர்பியல் பட்டமோ பட்டயமோ தவிர்க்க முடியாதது என்பதும் உண்மை. இந்தியத் தகவல் பணியில் நேரடி நியமனத்துக்குரிய சில பதவிகள், கல்லூரி ஆசிரியப் பணிக்கான நெட் பரீட்சையில் இந்தப் பாடம் முதலியவை அந்த இனத்தைச் சேர்ந்தவை. அவை பெரும்பாலும் முதுநிலைத் தகுதியையே கேட்கின்றன என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. இளநிலையிலேயே கடன்பட்டுத் தொடர்பியல் படித்தாக வேண்டிய நிர்ப்பந்தம் அவற்றால் உண்டாவதில்லை.

என்ன செய்யலாம்?

என் அபிப்பிராயத்தில் மரக்காணத்து மாணவருக்கு உகந்த பாதை இது: முதல் பட்டத்தைத் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ உள்ள அரசுக் கலைக் கல்லூரியில், கடனில்லாமல், ஒரு பாடத்தில் ஆழமாகப் படிக்கட்டும். பொருளாதாரமோ, வரலாறோ, தமிழோ, விலங்கியலோ, எதுவாயினும் சரி. எதைப் பற்றியாவது நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் அதைப் பற்றிப் பிறருக்குச் சொல்லமுடியும். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அந்த மூன்று வருஷத்திலேயே ஆனந்த விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்றவற்றுக்கு விண்ணப்பிப்பதும், கைபேசியில் ஊர்ச் செய்திகளைப் படம்பிடித்துத் தொகுத்துப் பழகுவதும், ஆங்கிலத்தில் பிழையின்றி ஒரு பக்கம் எழுதக் கற்பதும் சாத்தியமே.

அதற்குப் பிறகும் ஆர்வம் தணியாவிட்டால், முதுநிலையில் தொடர்பியலுக்கு வரட்டும். மரக்காணத்திலிருந்து இதே சாலையில் தெற்கே போனால், காலாப்பட்டில் புதுவை மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெகுஜனத் தொடர்பியலும் மின்னணு ஊடகமும் கற்பிக்கும் துறை அங்கே உண்டு. அங்கே சேர க்யூட் நுழைவுத் தேர்வுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும் என்ற ஒரு தகவல் தெரியாமலே பல பிள்ளைகள் அதைத் தவறவிடுகிறார்கள். தமிழக அரசு 2025-இல் தொடங்கிய சென்னை இதழியல் கல்வி நிறுவனத்தின் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பும், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் பட்டயமும் தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் சொற்பச் செலவில் முடிபவை. ஒளிப்பதிவிலோ படத்தொகுப்பிலோதான் மனம் ஊன்றியிருக்கிறது என்றால், தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தைத் தவிர்த்து வேறிடம் தேடுவதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கவேண்டும்.

கடன் வாங்கியே தீரவேண்டுமானால், முதல் சம்பளத்தில் கால் பங்கை மாதத் தவணை தாண்டக்கூடாது என்ற வரம்பை வீட்டார் வைத்துக்கொள்ளட்டும். மேலே போட்ட கணக்கின்படி, பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சமும், இருபதாயிரத்துக்கு இரண்டே கால் லட்சமும்தான் தாங்கும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் வட்டிச் சலுகை உண்டு. ஆயினும் அது தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தர நிறுவனங்களுக்கு மட்டுமே உரியதாகையால், சேரப்போகும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே வங்கியில் கேட்டுக்கொள்ளவேண்டும், கல்லூரி முகவரிடம் அல்ல.

அரசு செய்யவேண்டியவையும் சில உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை தொழிற்கல்விக்கே இப்போது உரியதாயிருக்கிறது. சுயநிதிப் பிரிவிலேயே பெரும்பாலும் நடைபெறும் தொடர்பியல் படிப்புக்கும் அதை நீட்டிக்கலாம். பாம்பனில் மீனவர்களுக்காகவே 2016 முதல் இயங்கிவரும் கடல் ஓசை சமுதாய வானொலியைப் போன்று, மரக்காணத்துக்கென்று ஒரு நிலையம் அமைத்து, திண்டிவனம் கல்லூரி மாணவர்களை அதில் ஊதியத்தோடு பயிற்றலாம். அளத்தில் தண்ணீர் ஏறும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும், மழை அறிவிப்பும் நிவாரணத் தகவலும் சொல்ல அதைவிடப் பொருத்தமான சாதனம் இல்லை. புதுவைப் பல்கலைக்கழகம் நடத்தும் புதுவை வாணி சமுதாய வானொலியின் அனுபவம் பக்கத்திலேயே இருக்கிறது. கேட்டுப் பெறுவதில் சிரமம் இராது. பத்திரிகை முதலாளிகள் தங்கள் தாலுகா நிருபர்களுக்குச் சிறியதாயினும் நிரந்தரமான ஒரு மாதச் சம்பளத்தை நிர்ணயிப்பதும் இதோடு சேர்ந்து நடக்கவேண்டிய காரியம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தொடர்பியல் துறை நடத்தும் ஒவ்வொரு கல்லூரியும், கடந்த மூன்று வருஷங்களில் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேர் எந்தத் தொழிலில் என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள், ஒரு மாணவரின் கையில் கேமராவும் தொகுப்பு அறையும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும், மூன்று வருஷத்துக்கும் சேர்த்து உண்மையில் ஆகும் மொத்தச் செலவு என்ன என்ற நான்கு விவரங்களை விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே தமிழில் அச்சிட்டாக வேண்டும் என்று உயர்கல்வித் துறை ஓர் ஆணை பிறப்பிக்கட்டும். அடுத்த சேர்க்கைப் பருவத்துக்குள் அதைச் செய்வதற்குத் தாராளமாக அவகாசம் இருக்கிறது.